ஊர் திரும்பச் சொன்ன ஆண்டுகள்

பாரிஸ் நகரத்தில் ரூ து பாக் என்றொரு தெரு. அதில் 128-ஆம் எண் கட்டடம், எம்.இ.பி. என்று மூன்றெழுத்தில் அழைக்கப்படும் பிரெஞ்சு வேதபோதக சபையின் தலைமை இல்லம். பினாங்கிலும் ஈப்போவிலும் உள்ள பழைய கத்தோலிக்கக் குடும்பங்களிடம் அந்த மூன்றெழுத்தைச் சொன்னால் விளக்கம் தேவைப்படாது. 19-ஆம் நூற்றாண்டில் அந்த இல்லத்துக் கோவிலில் ஒரு சடங்கு நடக்கும். கீழ்த்திசைக்குக் கப்பலேறப்போகும் இளம் சாமியார்கள் பீடத்தின் முன்னால் வரிசையாக நிற்பார்கள். சபையின் மூத்த சாமியார்களில் தொடங்கி, கிராமத்திலிருந்து வழியனுப்ப வந்த தகப்பன், அண்ணன், தம்பி வரை ஒவ்வொருவராக வந்து, குனிந்து, அவர்களுடைய பாதத்தில் முத்தமிடுவார்கள். பிறகு எழுந்து கட்டித் தழுவிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் பாடுவதற்கென்றே ஒரு வழியனுப்புப் பாட்டு உண்டு. அதற்கு இசையமைத்தவர் ஷார்ல் குனோ, ஐரோப்பிய இசையில் பெரிய பெயர், அதே கோவிலில் ஆர்கன் வாசித்தவர்.

1868-இல் இந்தக் காட்சியை ஷார்ல் து குபர்த்தேன் என்ற ஓவியர் பெரிய அளவில் வரைந்தார். ஓவியத்தில் கூட்டத்தோடு நிற்கும் சின்னப் பையன் அவருடைய மகன் பியேர். பிற்காலத்தில் நவீன ஒலிம்பிக் போட்டிகளைத் தொடங்கி வைத்தவர் அவர்தான்.

தகப்பன் மகனுடைய காலில் விழுவது எந்த நாட்டிலும் வழக்கமில்லை. அங்கே அது நடந்ததற்குக் காரணம் இருந்தது. போகிறவர் திரும்பி வரமாட்டார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மிஷன் என்பது அந்தக் காலத்தில் ஆயுளுக்கும் எடுத்துக்கொள்ளும் வேலை. அதற்கு முடிவுத் தேதி கிடையாது, விடுப்பில் ஊர் வருவதென்பதும் நீண்ட காலம் அபூர்வம். சபை தொடங்கிய 17-ஆம் நூற்றாண்டிலிருந்து இப்படி ஆசியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் 4,000 பேருக்கும் மேல். அவர்களில் ஒரு பகுதியினர் 1776 முதல் புதுச்சேரிக்கும், அங்கிருந்து தமிழ்நாட்டின் உள்ளூர்களுக்கும் போனார்கள். இன்னொரு பகுதியினர் பினாங்குக்கு வந்தார்கள். 1665-இல் சயாமின் அயோத்தியாவில் தொடங்கி, போர்களுக்குத் தப்பிப் பல இடம் மாறிய அவர்களுடைய குருமடம் 1808-இல் பினாங்கில் நிலைகொண்டது. அங்கிருந்து தெற்கே வந்தால் பேராக்.

ஈப்போவில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பிரெஞ்சுத் தொடர்பு தினமும் கண்ணில் படுகிற விஷயம், ஆனாலும் யாரும் நின்று யோசிப்பதில்லை. பெண்பிள்ளைகள் படித்த மெயின் கான்வென்ட்டை 1907-இல் ஆரம்பித்தவர்கள் பிரான்சில் தோன்றிய குழந்தை இயேசு சபைக் கன்னியாஸ்திரிகள். பாடாங்குக்கு எதிரே நிற்கிற செயின்ட் மைக்கேல் பள்ளியை 1912-இல் தொடங்கியவர் ஒரு பிரெஞ்சுச் சாமியார். சிலிபினில் தமிழ்க் கத்தோலிக்கர்களின் கோவில் லூர்து மாதா கோவில். அங்குள்ள கெபியின் மூலம் தென்மேற்குப் பிரான்சில் பிரனே மலையடிவாரத்தில் இருக்கிறது. கம்பாரில் 1886 முதல் ஈயம் தோண்டியதும் ஒரு பிரெஞ்சுக் கம்பெனிதான். ஆனால் ஈயத்துக்கு வந்தவர்கள் லாபம் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர்களைப் பற்றி எழுத எனக்கு ஆசையில்லை. தோட்டத்துத் தமிழர்களுக்காகத் தமிழ் படித்தவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவர்களுக்கு முன்னால் தமிழ் கற்ற சாமியார்கள் புதுச்சேரியில் நல்ல அடித்தளம் போட்டு வைத்திருந்தார்கள். முசே, துப்புயி என்ற இரண்டு சாமியார்கள் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதியின் முதல் பாகம் 1855-இலேயே புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் வெளிவந்துவிட்டது. ஆனால் அகராதித் தமிழை வைத்துக்கொண்டு பேராக் தோட்டத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்க முடியாது. பெரட்டு, மண்டோர், கிராணி, லயம், ஒட்டுப்பால், செலவுக்காசு என்று தோட்டத்துக்கென்று ஒரு பேச்சு இருந்தது. வடார்க்காடும் தஞ்சாவூரும் சேலமும் திருச்சியும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் கலந்து, மேலே மலாய்ச் சொற்கள் தூவிய பேச்சு. அதைக் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு பங்குக்குக் கீழே பத்து மைல், இருபது மைல் சுற்றளவில் தோட்டங்கள் சிதறிக் கிடந்தன. கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் கொஞ்சம்தான். பெரும்பான்மை மக்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் கும்பிட்டவர்கள். விடியலுக்கு முன்னால் பெரட்டு என்கிற ஆள்கணக்கெடுப்பு. வெயில் ஏறினால் ரப்பர்ப் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டோடு மரத்தடிக்குப் போய்விடுவார்கள். ஆகவே சாமியார் வருவதென்றால் முந்தின நாள் சாயங்காலமே வந்து, யாராவது ஒரு கிராணி வீட்டுத் திண்ணையிலோ பலகைக் கோவிலிலோ தங்கிக்கொள்வார் என்று பாட்டி தலைமுறையினர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உபதேசியார் வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டுவார். பூசை லத்தீனில், பிரசங்கம் தமிழில். சாமியாரின் ‘ழ’வைக் கேட்டுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்வார்களாம். பெரியவர்கள் முறைப்பார்களாம்.

பழைய ஞானஸ்நானப் பதிவேடு ஒன்றை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அகலமான தாள், ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. எழுத்து லத்தீன், பழுப்பேறிய மை, சரிந்து ஓடும் பிரெஞ்சுக் கையெழுத்து. தேதி, பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானத் தகப்பன், ஞானத்தாய், கடைசியில் சாமியாரின் ஒப்பம். அந்தோணி, சவரியம்மாள், மரியப்பன் எல்லாரும் லத்தீன் வேடம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்துக் கணக்குப் புத்தகத்திலும் இதே ஆட்களின் பெயர் இருந்திருக்கும், எத்தனை நாள் வேலைக்கு வந்தான், எத்தனை ராத்தல் பால் கொண்டுவந்தான் என்பதோடு. இவன் யாருடைய மகன், எந்தத் தேதியில் இந்த மண்ணில் பிறந்தான் என்று அக்கறையாக எழுதி வைத்த புத்தகங்கள் தோட்டத்தில் அதிகம் இல்லை. இந்தப் பதிவேட்டின் அருமை பிறகு ஒரு காலத்தில் தெரியவந்தது.

திரும்பமாட்டோம் என்று போனவர்களை முதலில் திரும்ப அழைத்தது போர். 1914 ஆகஸ்டில் பிரான்ஸ் படை திரட்டியபோது, ஆசியாவில் இருந்த எம்.இ.பி. சாமியார்களில் ராணுவ வயதுக்காரர்களுக்கும் ஓலை வந்தது. பங்கை விட்டுவிட்டுச் சிப்பாயாகவும் ராணுவ மருத்துவமனை ஊழியராகவும் தாய்நாட்டுக்குப் போனார்கள். அடுத்த போர் மலாயாவுக்கே வந்தது. அப்போது மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயர் அட்ரியன் தெவால். ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூர்க் கத்தோலிக்கர்களைப் பசியிலிருந்து காப்பாற்ற, நெகிரி செம்பிலானில் பகாவ் காட்டில் குடியேற்றம் ஒன்று அமைத்தார்கள். ஆயரும் அவர்களோடு போய்க் காட்டைத் திருத்தினார். காலில் பட்ட காயம் முற்றி 1945 ஜனவரியில் இறந்தார். பாரிஸ் கோவிலில் முத்தமிட்டு அனுப்புகிற கால்கள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று கேட்டால், நான் இவரைத்தான் சொல்வேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. அயல்நாட்டு மிஷனரிகள் தங்குவதற்கு உச்சவரம்பு வந்தது: பத்து ஆண்டு. அதற்குமேல் அனுமதி நீடிக்கப்படாது. புதிதாக யாராவது வந்தாலும் மொழி படித்து, ஆட்களைத் தெரிந்துகொண்டு, தோட்டத்துப் பேச்சு நாக்கில் படியும் நேரத்தில் பெட்டியைக் கட்ட வேண்டும். ஆயுள் முழுக்க என்று இருந்த மிஷன், விசா முத்திரையில் உள்ள தேதிவரை என்று ஆனது.

இளம் நாடு ஒன்று தன் எல்லைக்குள் யார் இருக்கலாம் என்று தீர்மானிப்பதில் நான் குறைகாண மாட்டேன். பங்குகளை நடத்த உள்ளூர்க் குருக்கள் வரவேண்டும் என்று அந்தப் பிரெஞ்சுக்காரர்களே ஆசைப்பட்டார்கள். பினாங்குக் குருமடம் அதற்காகத்தானே இருந்தது. ஆனால் அதே ஆண்டுகளில், அதே நாட்டில், தங்கும் அனுமதி முடிந்தது என்று இன்னொரு கூட்டத்தாரிடமும் சொல்லப்பட்டது. சாமியார்களைப் போல அவர்கள் சிலர் அல்லர். அவர்களுக்காக எந்தக் கோவிலிலும் வழியனுப்புப் பாட்டுப் பாடவில்லை.

1968-இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும். அந்த வேலைக்குக் குடிமகன் கிடைத்தால் பெர்மிட் கிடைக்காது. 1969 மே கலவரத்துக்குப் பிறகு இது கறாராக அமலுக்கு வந்தது. தோட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் கையில் சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரவாசி, ஆனால் குடிமகன் அல்லன் என்று அதற்குப் பொருள். மலாயாவுக்கு வந்து முப்பது, நாற்பது வருஷம் ஆனவர்கள் அவர்கள். பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். 1957 சுதந்திரத்துக்குப் பிறகு விண்ணப்பம் போட்டிருந்தால் குடிமகனுக்கான நீல அட்டை கிடைத்திருக்கும். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன், ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் பிடித்துப் பட்டணத்துக்குப் போய், மலாய் மொழியில் கேள்விக்குப் பதில் சொல்லி, பிறந்த தேதிக்கு ஆதாரம் காட்ட வேண்டும். போகிற வழியை எல்லாருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அடையாள அட்டைதான் இருக்கிறதே, அது போதும் என்று பலர் இருந்துவிட்டார்கள்.

அந்த இரண்டு மூன்று வருஷங்களில் சுமார் 60,000 இந்தியர்கள் மலேசியாவை விட்டு இந்தியாவுக்குப் போனதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ரஜுலா என்ற கப்பல் 1926-இலிருந்து நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஆளேற்றிக்கொண்டிருந்தது. வரும்போது எந்தக் கப்பலில் வந்தார்களோ, பலர் திரும்பும்போதும் அதே கப்பலில் போனார்கள். போனவர்களில் அதுவரை வாழ்நாளெல்லாம் பேராக்கை விட்டு வெளியே போகாதவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து ‘தாயகம் திரும்பினார்கள்’ என்று எழுதினார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தின் பெயரை அப்பா சொல்லக் கேட்ட மகனுக்கு அந்தக் கிராமத்தில் நிலமில்லை, வீடில்லை, முகம் தெரிந்த மனிதரில்லை. ஒரே குடும்பத்தில் தகப்பனுக்குச் சிவப்பு அட்டை, மூத்த மகனுக்கு நீலம், அம்மாவுக்குச் சிவப்பு என்று பிரிந்து கிடந்தால் யார் கப்பலேறுவது, யார் இருப்பது?

சாமியார்கள் ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதி வைத்த அந்த நாலு வரி உதவிக்கு வந்தது இங்கேதான். பிறப்புப் பத்திரம் எடுக்காத குடும்பங்களில், பிள்ளை இந்த நாட்டில்தான் பிறந்தது என்று காட்டுவதற்குக் கோவில் சான்றிதழைத் தேடிப் பங்குக்கு வந்தவர்கள் உண்டு. எத்தனை பேருக்கு அது கைகொடுத்தது என்பது வேறு விஷயம். மாரியம்மன் கோவிலில் மொட்டை அடித்துக் காது குத்திய பிள்ளைக்கு அப்படி ஒரு தாளும் இல்லை. அட்டை இல்லாத தமிழர் பிரச்சினை இன்றுவரை தீராமல் இழுத்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு வேர்.

திருச்சபை, தன் பங்குக்கு, போகிறவர்களுக்குப் பதில் யார் என்ற கேள்வியைத் துணிந்து எதிர்கொண்டது. 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் ஒரு மாதம் பினாங்கு குருமடத்தில் கூடி உட்கார்ந்தார்கள். அந்த ஒரு மாதமும் பங்குகளில் ஞாயிறு பூசை இல்லை. பொதுநிலையினரே வாசகம் படித்து, செபம் சொல்லி, வழிபாடு நடத்திக்கொண்டார்கள். நாட்டில் அயல்நாட்டுச் சாமியார் ஒருவர்கூட இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒத்திகை மாதிரி அது. அதிலிருந்துதான் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் சிறு குழுக்கள் வளர்ந்தன. தோட்டத்து உபதேசியார்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை அது என்பதை அந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் அழுத்திச் சொல்லவேண்டும். சாமியார் வராத மாதங்களில் தோட்டத்தில் சாவு வந்தால் செபம் சொல்லி அடக்கம் செய்தது உபதேசியார்தான்.

ஊர் திரும்பிய பிரெஞ்சுச் சாமியார்களுக்கு என்ன ஆயிற்று? சபை அவர்களுக்கு வீடு வைத்திருந்தது. தெற்குப் பிரான்சில் மோன்பெத்தோன் என்ற ஊரிலும் லொரிஸ் என்ற ஊரிலும் எம்.இ.பி.யின் முதியோர் இல்லங்கள் இருந்தன. கொரியா, ஜப்பான், வியட்நாம், பர்மா, இந்தியா, மலேசியா என்று வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு மொழியில் வாழ்ந்தவர்கள் அங்கே வயதான காலத்தில் ஒன்றாக இருந்தார்கள். 25 வயதில் போய், ஆசிய மொழியில் கனவு காணுமளவு ஆகி, பிறகு சொந்த நாட்டில் அந்த மொழியில் பேச ஆள் இல்லாமல் உட்கார்ந்திருப்பது சின்ன வலி அல்ல. இருந்தாலும் கூரை இருந்தது, கட்டில் இருந்தது, மருந்து இருந்தது, அடக்கம் செய்ய இடம் இருந்தது. போகச் சொன்னால் போய்ச் சேர ஒரு கதவு இருந்தது.

அதே காலத்தில் இந்த வழியில் எதிர்த்திசையாகப் போய்வந்த தமிழ்ச் சாமியார் ஒருவர் உண்டு. தனிநாயகம் அடிகள். 1961 முதல் 1969 வரை கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையில் இருந்தவர். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்ததற்கு அவர் காரணம். மலேசியத் தமிழர்கள் அன்று அடைந்த பெருமிதத்தை இன்றும் பெரியவர்கள் பேசுவார்கள். பல்கலைக்கழகத்தை விட்டபின் பாரிசில் கொலேஜ் து பிரான்சில் விரிவுரை ஆற்றினார். 1970 ஜூலையில் மூன்றாம் மாநாட்டை அங்கே, ழான் ஃபிலியோசா போன்ற அறிஞர்களின் துணையோடு நடத்தினார்கள். ரூ து பாக்கிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம். தமிழ் கற்கப் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறப் புறப்பட்ட நகரத்துக்கே தமிழைக் கொண்டுபோய் உட்கார வைத்தார் இந்த மனிதர். பிறகு அவரும் ஊர் திரும்பினார், யாழ்ப்பாணத்துக்கு. நான்காம் மாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்தபோது, கடைசி நாளில் பொலிஸ் நடவடிக்கையில் உயிர்கள் பலியாயின. 1980 செப்டம்பர் 1-ஆம் தேதி அவர் மறைந்தார். அடுத்த வருஷம் யாழ் நூலகம் எரிந்ததைப் பார்க்க அவர் இல்லை. ஆனாலும் உலகம் சுற்றித் தமிழுக்கு இடம் தேடியவருக்குக் கடைசிக் காலத்தில் சொந்த ஊரே நிலை குலையத் தொடங்கியதைப் பார்க்கும்படி ஆயிற்று. எம்.இ.பி. சாமியார்கள் போனதையும் சிவப்பு அட்டைக்காரர்கள் போனதையும் நினைக்கும்போதெல்லாம் இவர் திரும்பியதும் எனக்கு நினைவுக்கு வரும்.

பேராக்கில் எஞ்சியவர்களுக்கு வருவோம். 1950-களிலேயே வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக ஆரம்பித்தன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டம் கைமாறினால் லயமும் கைமாறும். வேலை போனால் வீடும் போகும். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் இந்த ஆபத்தைக் கண்டு 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். பால்மரம் வெட்டுகிறவர்களின் காசைச் சேர்த்தே தோட்டத்தை வாங்குவது திட்டம். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி ஆள் சேர்த்தார். மலேசியத் தமிழர் வரலாற்றில் இதைவிடத் தொலைநோக்கான காரியம் வேறு நடக்கவில்லை என்பது என் கருத்து. ஆனால் விற்கப்பட்ட நிலத்தின் பரப்போடு ஒப்பிட்டால் சங்கம் காப்பாற்றியது கொஞ்சம்தான்.

பிறகு கித்தா என்கிற ரப்பர் மரமே போனது. செம்பனை வந்தது. செம்பனை வந்த கதையிலும் ஒரு பிரெஞ்சுக்காரர் இருக்கிறார். ஆன்ரி ஃபோகோனியே. 1905-இல் மலாயாவுக்கு வந்து சிலாங்கூரில் தோட்டம் போட்டவர், மலாயும் தமிழும் கற்றவர். 1917-இல் தெனமாராமில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உண்டாக்கினார். தன் மலாயா வாழ்க்கையை வைத்து எழுதிய ‘மலேசி’ நாவலுக்கு 1930-இல் பிரான்சின் மிக உயர்ந்த கோன்கூர் பரிசு கிடைத்தது. அவர் 1973-இல் காலமானார். அதற்குள் அவர் நட்ட பயிர் பேராக்கின் முகத்தை மாற்றத் தொடங்கியிருந்தது. ரப்பருக்கு வேண்டிய அளவு ஆள் செம்பனைக்கு வேண்டாம். வேண்டிய ஆளும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் குறைந்த கூலிக்கு வந்தார்கள். மீதி நிலத்தில் தாமான்கள் எழுந்தன. ஈப்போவைச் சுற்றி இப்போது வீட்டுமனைகளாக இருக்கும் இடங்களில் பலவற்றுக்கு ஒரு தோட்டப் பெயர் உண்டு. பஸ் நிறுத்தத்திலும் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையிலும் அந்தப் பெயர் தொங்கிக்கொண்டிருக்கிறது. தோட்டம் போய்விட்டது, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி மட்டும் இடம் மாற்றப்பட்டு எங்கோ நிற்கிறது.

1990-இல் தொழிலாளர் வீடமைப்பு குறைந்தபட்சத் தர நிர்ணயச் சட்டம் வந்தது. வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் எப்படி, மின்சாரம் எப்படி என்று சட்டம் பேசியது. அந்த வீடு யாருடையது என்பதில் கை வைக்கவில்லை. ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பித் தர வேண்டியதுதான். மூன்று தலைமுறை பிறந்த வீட்டை, வேலை முடிந்தது என்று காலி செய்வதை என்னவென்று சொல்வது? பாரிசிலிருந்து வந்த சாமியாருக்கு மிஷன் முடிந்தால் சபை வீடு கொடுத்தது. வாழ்நாள் முழுக்கப் பால் எடுத்துக் கொடுத்த அம்மாவுக்கு வேலை முடிந்தால் கம்பெனி நோட்டீஸ் கொடுத்தது. சுங்கை சிப்புட் தொகுதியில் 2008 முதல் 2018 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டாக்டர் மைக்கேல் ஜெயக்குமார் தேவராஜ் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்த வீட்டுப் போராட்டங்களில் தோட்டமக்களோடு நின்றவர். வெளியேற்ற உத்தரவு வந்த தோட்டங்களில் மாற்று வீடு கேட்டுத் தொழிலாளர்கள் கோர்ட்டுக்கும் மந்திரி புசார் அலுவலகத்துக்கும் நடந்தார்கள். சில இடங்களில் வீடு கிடைத்தது, பல இடங்களில் கொஞ்சம் பணம், பல இடங்களில் வெறும் நாள் குறிப்பு.

இப்போது பாரிசுக்குத் தமிழ்ச் சாமியார்கள் போகிறார்கள். பிரான்சில் குருக்கள் குறைந்துவிட்டதால் பல பங்குகளில் இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் பூசை வைக்கிறார்கள். பாரிசில் தமிழர்களுக்கென்று ஆன்மிகப் பணியகம் இயங்குகிறது. ஒப்பந்தக் காலம் சில வருஷம், முடிந்ததும் மறைமாவட்டத்துக்குத் திரும்பிவிடுவார்கள். ரூ து பாக் சபையோ இப்போது பிரெஞ்சு இளைஞர்களைச் சில மாதம், அதிகம் போனால் இரண்டு வருஷம் என்று ஆசியாவுக்குத் தொண்டுக்கு அனுப்புகிறது. காலில் முத்தமிட்டு அனுப்பவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. வாட்ஸ்அப்பில் தினமும் அம்மாவிடம் பேசுகிறார்கள். நல்லதுதான். பெற்ற வயிறு எரியாமல் இருப்பது நல்லதுதான்.

இதையெல்லாம் அடுக்கிப் பார்க்கும்போது, பேராக்கின் பாகான் செராயில் 1880-களில் ரெனே ஃபே என்ற பிரெஞ்சுச் சாமியார் செய்த வேலை எனக்கு மேலும் மேலும் பெரிதாகத் தெரிகிறது. கிரியான் பகுதி அப்போது கரும்புத் தோட்டங்களின் பூமி. தமிழர்கள் கூலிக்கு வந்து கூலியாகவே இருந்தார்கள். ஃபே சாமியார் அரசாங்கத்திடம் நிலம் பெற்றுத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைக் குடியமர்த்தினார். சூசையப்பர் பெயரால் ஊர் சூசைப்பாளையம் ஆனது. 1896-இல் அவர் மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயரானார், 1904-இல் இறந்தார். அவர் கட்டிய கோவிலை எல்லாரும் நினைவுகூர்கிறோம். நான் பெரிதாக நினைப்பது அவர் நிலம் கேட்டதைத்தான். தோட்டத் துரைக்குக் கட்டுப்படாத மண்ணில் தமிழன் குடிசை போட்டால் அவனை எந்தக் கம்பெனியும் காலி செய்யச் சொல்ல முடியாது என்று அந்த மனிதருக்கு அன்றே தெரிந்திருக்கிறது. அல்லது தெரியாமலே அப்படி நடந்துவிட்டது. எப்படியானாலும் ஊர் நிற்கிறது.

மார்ச் மாதம் சூசையப்பர் திருநாள் வந்தால் கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் சூசைப்பாளையத்துக்கு வருகிறார்கள். சப்பரம் போகும் தெருவில் அவர்களுடைய பாட்டன் வீடு இருக்கிறது. ஈப்போவைச் சுற்றியுள்ள பழைய தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஆடித் திருவிழா உண்டு. சில இடங்களில் அம்மன் கோவில் இன்னும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது, நிலத்துக்காரர் அனுமதித்தால் கேட்டைத் திறந்துவிடுவார்கள். பூசை முடிந்ததும் கூழ் குடித்துவிட்டு, சாயங்காலத்துக்குள் காரை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். இன்னும் லயங்களில் இருக்கும் குடும்பங்கள் பேராக்கில் கொஞ்சம்தான். அடுத்த தோட்டம் விற்கப்படும்போது அவர்களுக்குப் பணத்துக்குப் பதில், அதே வட்டாரத்தில், அவர்கள் பெயரில் கிராண்ட்டோடு மனை கொடுக்க மாநில அரசு விற்பனை அனுமதியிலேயே நிபந்தனை போடலாம். நிலம் மாநில அதிகாரத்தில் இருக்கிறது, கையெழுத்துப் போட வேண்டியவர்கள் ஈப்போவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.